மேலே தெரிந்தவள்

நான்காவது தடவை மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதும் மகள் இரண்டாகத்தான் தெரிந்தாள்.

அதுதான் நாகலெட்சுமிக்கு உறுத்தியது. தைராய்டு நோய் கண்ணுக்கு இறங்கிய நாளிலிருந்து கண்கள் பிதுங்கி, இமைகள் மூடாமல், பார்த்ததெல்லாம் இரட்டையாகிப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நோர்வூட்டில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து நரம்பில் ஏற்றிக்கொண்ட மருந்து, இமைகள் முழுதாக மூடாததைத் தவிர, மற்றதையெல்லாம் சரிசெய்துவிட்டது. இப்போது ஜன்னல் ஒன்று, மருந்துப் போத்தல் ஒன்று, நர்ஸ் ஒருத்தி. கூட வந்த மகள் பிரியந்தி மட்டும் இரண்டு. ஒருத்தி சற்று மேலே, ஒருத்தி சற்றுக் கீழே.

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கையில், இரட்டையாய்த் தெரிவதில் எது நிஜமென்று அவளுக்கு விரல்தான் சொல்லிக்கொடுத்தது. கீழே தெரிவது கைக்கு அகப்படும். மேலே தெரிவது வெறும் காற்று. அந்தப் பழக்கத்தில்தான் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மூடுபனிக்குள் இரண்டாய்த் தெரிந்த மகளில் கீழே இருந்தவளின் கையைப் பிடித்தாள். அகப்பட்டது. சில்லென்றிருந்தது. இந்தப் பனியில் யார் கைதான் சில்லிடாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அதைப் பிடித்தபடியே வந்துவிட்டாள்.

அந்தக் கை இன்னும் சூடேறவில்லை.

ஒரு கண்ணைப் பொத்தினால் இரட்டை போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஊசி ஏறாத கையை மெல்ல உருவி, இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. அப்போதும் இரண்டு பேரும் நின்றார்கள். கீழே இருந்தவள் அசையவே இல்லை. மேலே இருந்தவளோ அழுதுகொண்டு ஏதோ சொன்னாள். மருந்து ஏற ஏறக் காது அடைத்து இரைந்ததில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அப்போதுதான் மணிக்கட்டைக் கவனித்தாள். போன வெள்ளிக்கிழமை மஸ்கெலியா கோயிலில், மூன்று முடிச்சுப் போட்டு மகளுக்கு அவளே கட்டிவிட்ட சிவப்புக் கயிறு.

மேலே இருந்தவளின் கையில் இருந்தது. கீழே இருந்தவளின் கை வெறுமையாக இருந்தது.

மருந்து அழிக்கப்போவது மேலே தெரிவதைத்தான். "மிஸ், மருந்த நிப்பாட்டுங்க. எம் புள்ள போறா."

"புள்ள பக்கத்துலதானே நிக்குது," என்றாள் சிங்கள நர்ஸ், தெரிந்த தமிழில். "பய வென்ட எபா. பயப்பட வேணாம். கைய ஆட்டுனா ஊசி கழண்டுரும்." ஊசிக் கையைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

போத்தலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மேலே இருந்தவளின் முகம் வெளுத்தது.

இன்னொரு சொட்டு. அவள் தோளுக்கு ஊடாக ஜன்னல் தெரிந்தது.

உதடு மட்டும் அசைந்தது. அம்மா. அம்மா.

நாகலெட்சுமி கத்தினாள். நர்ஸ் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

கடைசிச் சொட்டு.

"இப்ப ஒண்ணாத் தெரியுதா?" நர்ஸ் சிரித்தபடி ஊசியை உருவினாள்.

ஒன்றாகத்தான் தெரிந்தது. மகள் நின்ற இடத்தில், தரையில், மூன்று முடிச்சும் அவிழாமல் சிவப்புக் கயிறு வட்டமாகக் கிடந்தது. மிச்சமிருந்தவள் குனிந்து அதை எடுத்தாள். பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று நாகலெட்சுமி தவித்தாள். இமைகள் பாதியோடு நின்றுவிட்டன.

"போவோமாம்மா." அந்தக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

சொல்லிக்கொண்டே அது, கயிற்றின் வளையத்துக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டிருந்தது.