சிரிக்காத முகங்கள்

கணினித் திரையில் எட்டு முகங்கள் இருந்தன. எட்டும் ஒரே ஆளுடையவை. அந்த எட்டுப் பேரும் அவனை வெறுத்தார்கள்.

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். பாஸ்போர்ட்டுக்காகப் பகலில் எடுத்த படம்தான். லாரி ஓட்டுநர் ஒருவர், சாதுவான மனிதர், தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வெள்ளைத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சிரிக்காதீங்க, வாயை மூடிக்கோங்க, நேரா இங்க பாருங்க என்று ஸ்டுடியோ தொடங்கிய நாள் முதல் எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னான். எடுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சூடேறும் பிரிண்டரின் லேசாகக் கருகிய பிளாஸ்டிக் வாடைக்கும் பிளாஷ் விளக்கின் கொசு ரீங்காரத்துக்கும் நடுவே தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது, அந்தக் கீழுதட்டின் ஓரத்திலும் இமைகளுக்கு அடியிலும் ஏதோ தடித்து நின்றது. உன்னை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டேதான் அந்த ஆள் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மவுசைப் பிடித்தான். உதட்டின் இரண்டு ஓரங்களையும் ஒரு நூல் மேலே இழுத்தான். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வெளிச்சம் போட்டான். இப்போது பரவாயில்லை. இப்போது மூச்சு விட முடிந்தது.

எல்லாம் அந்த ஷட்டரில் ஆரம்பித்தது. போன மாதம் ஒரு காலையில், பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தவன் அவசரத்தில் கொஞ்சம் முன்னாலேயே நிமிர்ந்துவிட்டான். கடை வைத்திருக்கிற எவரும் இடித்துக்கொள்கிற இடிதான். டங்கென்று ஒரு சத்தம், வாயில் இரும்புச் சுவை. ரத்தம் இல்லை. தான் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. "ஷட்டருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் பக்கத்துக் கடைத் தையல்காரர். இருவரும் சிரித்தார்கள்.

தலைவலி நிற்காததால் மனைவிதான் பிடிவாதமாக டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல," என்றார் டாக்டர்.

"அது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியும் டாக்டர்," என்றாள் மனைவி. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"லேசான அடிதாம்மா. ஆனா அந்தக் குலுக்கல்ல உள்ள இருக்கிற நரம்பு இழைங்க இழுபட்டிருக்கலாம். அது படத்துல விழாது. மூளையில ஒரு இடத்துல இருந்து பயமும் கோபமும் கிளம்பும். இன்னொரு இடம், இருப்பா அவசரப்படாதன்னு புடிச்சு நிறுத்தும். நடுவுல இருக்கிற இழை நைஞ்சு போச்சுன்னா கிளம்புறது கிளம்பிடும், நிறுத்துறது நேரத்துக்கு வந்து சேராது. எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் படிக்கிறதும் தடுமாறும். நிறைய பேருக்குத் தானா சரியாயிடும். நல்லா தூங்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "கை ஓங்கினா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க."

அப்போது அவர்கள் இருவரும் கண்ணாலேயே ஏதோ பேசி முடித்துக்கொண்டதை அவன் பார்த்தான்.

லாரி ஓட்டுநர் இரண்டு நாள் கழித்துப் படத்தோடு திரும்பி வந்தார்.

"ஏங்க, இது நானாங்க? ஆபீஸ்ல வேணாம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. லாட்டரி அடிச்சவன் மாதிரி இளிச்சுக்கிட்டு நிக்கிறேன்!"

"நீங்க அப்படித்தான் இருந்தீங்க."

"நான் எங்கங்க சிரிச்சேன்? நீங்கதானே சிரிக்காதன்னு சொன்னீங்க?"

படத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. காத்திருந்தார். அந்தக் காத்திருக்கும் முகத்தில் கீழுதடு தடித்தது. இமைகள் கனத்தன. அவன் நெஞ்சுக்குள் யாரோ ஓடி வருவதுபோல் அடித்தது.

அதற்கடுத்த துண்டு அவன் நினைவில் இல்லை. விளக்குத் தாங்கி தரையில் கிடந்தது. வெள்ளைத் திரை கிழிந்து தொங்கியது. ஓட்டுநரின் சட்டைக் காலர் அவன் முஷ்டிக்குள் இருந்தது. அதற்கு மேலே முகம் நீலம் பாரித்திருந்தது. தையல்காரர் பின்னாலிருந்து அவனை இடுப்போடு கட்டிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"விடுங்க அண்ணே! மனுஷன் செத்துடுவார், விடுங்க!"

"இவன்தான் ஆரம்பிச்சான்."

"என்ன பண்ணினார் அவர்?"

"பார்த்தான்."

முஷ்டி தளர்ந்ததும் ஓட்டுநர் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். தையல்காரர் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் முகமும் மாறியது. அவரும்.

வீட்டில் எல்லாச் சத்தமும் அவனைக் குறி வைத்தே எழுந்தது. தட்டில் கரண்டி உரசுவது, குழாய் நின்ற பிறகும் தொட்டியில் சொட்டுவது, மனைவி சோப்பு நுரைக்குள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, சத்தம் வரக்கூடாதென்று பார்த்துப் பார்த்து அடுக்குவது. அந்த ஜாக்கிரதைதான் எல்லாவற்றிலும் பெரிய சத்தமாக அவன் பிடரியில் வந்து விழுந்தது. சமையலறையில் கத்திகளைக் காணவில்லை. படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் ஒற்றைத் திருகாணியில் தொங்கியது. அதை யார் பிய்த்தார்கள் என்று கேட்டதற்கு அவள் இன்னொரு பாத்திரத்தை நுரைக்குள் முக்கினாள்.

"என்னங்க, நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மான்னா எதுக்கு அப்படிப் பார்க்கிற?"

"நான் எங்கங்க பார்த்தேன்? பாத்திரத்தைத்தானே பார்க்கிறேன்."

கண்ணாடி டம்ளர் ஒன்று அவள் காதோரமாகப் போய்ச் சுவரில் உடைந்தது. யார் எறிந்தது என்று அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அவன் கைதான் ஈரமாக இருந்தது.

அப்போது வாசற்படியில் பொடிசு வந்து நின்றாள். அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது. முன்பல் விழுந்த ஓட்டையோடு, வாய் நிறைய, அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் தோள்கள் இறங்கின. நெஞ்சுக்குள் ஓடி வந்தவன் நின்றான். கடையில், தெருவில், இந்த வீட்டில் எல்லா முகங்களும் அவனுக்கு எதிராகத் திரும்பிய பிறகும் இந்த ஒரு முகம் திரும்பவில்லை. காலையில் கண் விழித்ததும் சிரித்தது. பல் தேய்க்கும்போது சிரித்தது. அவன் அதட்டினாலும் சிரித்தது. இது ஒன்று இருக்கும்வரை அவன் மனிதன். இதுவும் மாறிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அப்பாகிட்ட வா," என்றான்.

வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். கண்ணாடிச் சில்லுகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கடைக்கு ஆட்களே வரவில்லை. வழக்கத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றினான். படுக்கையறைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. அப்படியே நின்றான்.

"அப்பா வந்ததும் என்ன பண்ணணும்?"

"சிரிக்கணும்."

"அப்பா ஏதாவது கேட்டா?"

"சிரிச்சிட்டே சொல்லணும்."

"என் சமத்து."

"வாய் வலிக்குதும்மா. தூங்கும்போதும் சிரிக்கணுமா?"

"தூங்கும்போது வேணாம் தங்கம். அப்ப அப்பா பார்க்க மாட்டார்."

அவன் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தான். பிறகு, அப்போதுதான் வருகிறவனைப் போலச் சத்தம் கொடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். பொடிசு ஓடிவந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் முதன்முறையாக உற்றுப் பார்த்தான். கன்னம் தூக்கியிருந்தது. பல் தெரிந்தது. மேலே இருந்த இரண்டு கண்களும் வேறு யாருடையவோ போல் இருந்தன.

"ஏன் சிரிக்கிற?"

"உங்களைப் பார்த்ததுல சந்தோஷம்ப்பா," என்றாள், ஒப்பிப்பதைப் போல. மனைவி பின்னாலிருந்து குழந்தையின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

அவன் சாப்பிடவில்லை. கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தான். படுக்கையறைக்குள் ஏதோ இழுபடும் சத்தம். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள். பிறகு முணுமுணுப்பு. பிறகு அதுவும் இல்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மூச்சுகள், ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, மாறி மாறி வந்தன. அதற்குள்ளே அந்த முகம் இருக்கிறது. சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு. இருட்டில். அது எப்படி இருக்கும்?

பார்க்க வேண்டாம் என்று நினைத்தான். எழுந்து நின்றிருந்தான்.

கதவை உள்ளங்கையால் அழுத்தினான். நாற்காலிக் கால்கள் தரையில் வழுக்கின. ஒரு விரல். இரண்டு விரல். ஒரு தோள் நுழையும் அளவு.

பவுடர் வாசனை. தலைவலித் தைலத்தின் நெடி. ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு ஒரு கோடாக விழுந்தது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள், ஒரு கை குழந்தையின் மேல். உதடு பிளந்திருந்தது.

அவன் மண்டியிட்டான்.

குழந்தையின் வாய் மூடியிருந்தது. கன்னம் தளர்ந்திருந்தது. புருவம் நேராக இருந்தது. ஒன்றுமே இல்லாத முகம்.

கீழுதடு தடித்தது.

இதுவுமா.

இமைகள் கனத்தன. மூடிய இமைகளுக்குப் பின்னால் அது அவனைப் பார்த்தது. பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கத்த வேண்டும் போல் இருந்தது. ஓட வேண்டும் போல் இருந்தது. அதற்குள் கைகள் போய்விட்டன. இரண்டு கட்டைவிரல்கள், அந்தச் சின்ன வாயின் இரண்டு ஓரங்களில். தோல் சூடாக இருந்தது. மேலே தள்ளினான். விட்டால் இறங்கியது. மறுபடி தள்ளினான். இறங்கியது. அழுத்தினான்.

பொடிசு கண்ணைத் திறந்தாள்.

அழவில்லை. விரல்களுக்கு அடியில் தசை துள்ளியது. சிரிப்பு வந்துவிட்டது. முழுதாக, பல் ஓட்டையோடு, சொல்லிக் கொடுத்தபடி.

விரல்களை எடு என்று அவன் நினைத்தான். எடுத்துவிட்டதாகவே நினைத்தான். கன்னம் இன்னும் உள்ளே அமுங்கியது.

மனைவி விழித்தாள். அலறுவதற்காக அவள் வாய் அகலமாகத் திறந்தது. சத்தம் வெளியே வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே பக்கவாட்டில் விரிந்தது. எல்லாப் பல்லும் தெரிந்தது.

"பாருங்க," என்றாள். குரல் தேன் போல இருந்தது, நடுங்கிக்கொண்டே. "இங்க பாருங்க. நாங்க சிரிக்கிறோம் பாருங்க."

வெளிச்சக் கோட்டின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சிரிப்புகள். இமைக்காத நான்கு கண்கள். குழந்தையின் கண்ணோரத்தில் நீர் திரண்டு, கன்னத்தில் இறங்கி, அவன் கட்டைவிரல் நகத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

சிரிப்பு மட்டும் அசையவில்லை.