வரச் சொன்னவள்

"இருக்கிறது ரெண்டு பேரு. மூணு கோப்பை எதுக்குடி?"

"கத்தாத அக்கா. அவங்க சங்கடப்படுவாங்க."

"எவங்க?"

சீதாவின் இந்தக் கேள்வி கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு ஸுமைரா, தூறல் விழுந்துகொண்டிருந்த முற்றத்தில் நின்று ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். காது ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் கைக்கு ஒரு வேலை வேண்டும் அல்லவா.

பார்க்கப்போனால் அந்தச் சண்டையே ஒரு நல்ல சேதிதான். தங்கை அனுஷியா வாய் திறந்து எதிர்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. மனச்சோர்வு என்று டாக்டர்மார் சொன்னார்கள். சோம்பல் என்று லேனில் அக்கம்பக்கம் சொன்னது. எந்த மாத்திரைக்கும் மசியாத சோர்வு. கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து மாநகர சபைக் கிளார்க்காக உயர்ந்த சீதா, சுவரைப் பார்த்துப் படுத்தவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அதற்குள் நாற்பதை எட்டிவிட்டாள். சீதாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுப் பலகாரத்தைத் தொடாமல் எழும்பினார்கள். சீதாவுக்கு அதில் பெரிய துக்கமும் இல்லை. துக்கப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இவள் தானாக எழும்பி நடக்க வேண்டும்.

எழும்பி நடக்க வைத்தது ஒரு காற்று.

பல் பிடுங்கும்போது வலி தெரியாமலிருக்கக் கொடுப்பார்களே, அதே காற்றுதான். மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கண்டிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குத் தங்கையை ஆட்டோவில் ஏற்றிப் போனாள். டாக்டர் சஞ்சீவனி யாழ்ப்பாணத்துக்காரர். அனுஷியாவின் தலையில் வயர்களை ஒட்டி, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கைப் பொருத்தி, சீதாவுக்குத் திரையைக் காட்டினார். முதலில் சின்னச் சின்னக் கோடுகள், அவசரக்காரர்களின் கையெழுத்து மாதிரி. காற்று ஏற ஏற அவை அடங்கி, பெரிய, மெதுவான அலைகள் எழும்பின.

"ஆழ்ந்த நித்திரையில வாற அலை மாதிரி. ஆனா பாருங்கோ, கண் திறந்துதான் கிடக்கு," என்றார் டாக்டர். "இந்த அலை பெருசா வந்தா மனம் தெளியுதோ எண்டுதான் பாக்கிறம். ஏனெண்டு எங்களுக்கும் முழுசா விளங்கேல்ல."

மாஸ்க்குக்குள் அனுஷியாவின் உதடு அசைந்தது. "அக்கா, வாசல்ல யாரோ நிக்கிறாங்க."

அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம். வாசலில் நிற்பவர் யாரென்று பார்ப்பதற்கு முன்பே 'வாங்க' என்றுவிடுவார்கள். இன்ஷூரன்ஸ்காரர், வீடு தவறி வந்தவர், ஒரு தடவை திருடன்கூட அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனதாகப் பேச்சு. சீதாவுக்கோ அப்போது முதுகு வலி, பசி, அரை நாள் லீவு முடியப்போகிற கவலை.

"நிக்க வைக்காதடி. உள்ள வரச் சொல்லு."

"வாங்க," என்றாள் அனுஷியா, மரியாதையாக.

திரையில் ஓர் அலை எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. இறங்குவதற்கு அது எந்த அவசரமும் காட்டவில்லை. டாக்டருக்குச் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் அனுஷியா முற்றம் கூட்டினாள். சில நாளில் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் இந்த மூன்றாவது கோப்பை.

சண்டையின் முடிவில் சீதா அந்தக் கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்தாள். அனுஷியா உள்ளே போனாள், படுத்தாள், சுவர்ப் பக்கம் திரும்பினாள். அன்றும் எழும்பவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. குளிக்காத உடம்பின் நாற்றம் மறுபடி வீட்டில் குடியேறியது.

ஒரு பின்னேரம், தகரக் கூரையில் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்க, மகாவலியின் சேற்று வாடை ஜன்னல் இடுக்கால் நுழைய, அதற்கும் அடியில் மாஸ்க்கின் ரப்பரும் லேசான தித்திப்பும் கலந்த ஒரு மணம் எங்கிருந்தோ கசிய, சீதா தானே மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, மூன்றாவதை யாரும் உட்காராத கதிரைக்கு முன்னால் வைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, மாநகர சபைக் கிளார்க் செய்கிற காரியமா இது.

"குடிங்க," என்றாள்.

ஆவி நேராக எழும்பியது. பிறகு வளைந்தது. கதிரைப் பக்கம். நெடுநேரம் அந்தப் பக்கமே போனது. பிறகு திரும்பி வந்தது, சீதாவின் முகத்துக்கு. வெதுவெதுப்பாக. மறுபடி இழுப்பு. மெதுவாக. மனிதர் யாரும் அவ்வளவு மெதுவாக மூச்சு விடுவதில்லை.

திரையில் பார்த்த அலை.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அனுஷியா கூந்தலை முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள், தன் கோப்பையை எடுத்தாள்.

"சீனி பத்தலையாம் அக்கா."

சீதா சீனிப் போத்தலைத் திறந்தாள். தீர்மானம் என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. களைத்துப்போனவர்கள் தீர்மானம் எடுப்பதில்லை, சீனி போடுகிறார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கலஹாவில் கடை வைத்திருக்கும் சந்திரகுமார் அனுஷியாவைப் பெண் பார்க்க வந்தார். பலகாரம் முழுக்கத் தீர்ந்தது. லேன் வாயைப் பிளந்தது. கலியாணத்துக்குச் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது அனுஷியா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"அவங்க என்கூட வரலையாம்."

சீதாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. "போயிடுறாங்களா?"

"எங்க போவாங்க? வரச் சொன்னது நீதானே. உன்கூடத்தான் இருப்பாங்களாம்."

அனுஷியா கலஹாவுக்கு வாழப் போனாள். நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். ஸுமைரா குடும்பத்தோடு அக்குறணைக்கு மாறிப் போனாள். கேட்பவர்களிடம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஈரம் என்றாள். சுவர் மூச்சு விடுகிறது என்று சொன்னால் வீட்டை யார் வாங்குவார்கள்?

சீதா மட்டும் அங்கேயே. வேலைக்குப் போவதில்லை. மழை விட்ட ஒரு பின்னேரம் விழித்துப் பார்த்தாள். கதிரையில் ஒன்றுமில்லை. கட்டிலோரத்தில் ஒன்றுமில்லை. அந்த மணம் மட்டும், மிகக் கிட்டத்தில். ஜன்னல் சீலை அவள் முகத்தை நோக்கி வந்தது. நின்றது. விலகிப் போனது. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

சீதா மூச்சை உள்ளே இழுக்கப் பார்த்தாள்.

அவளுடைய வாயால், ஏற்கெனவே, யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக.