கீழ்த் தட்டு

"கீழ்த் தட்டுலயாடி வச்ச? உசுரோட இருக்கற அம்மாவுக்கா?"

"உசுரோட இருக்கறவங்க தட்டுல, மேல, இடமே இல்லக்கா, புனித பரஸ்கேவா திருநாள், யாசி ஊரே சர்ச்சுலதான் நிக்குது, நான் என்ன என் தலைமேலயா..."

"செத்தவங்களுக்கு ஏத்தற தட்டுடி அது! பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்..."

"கத்தாத. ஒரு மெழுகுவர்த்திதானே. அப்பாவுக்கு ஏத்தினதுக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் இருந்துச்சு. துணையா இருக்கட்டும்னு வச்சேன்."

"துணையாம்! அந்த மனுஷன்!"

வெதூரியாவுக்கு எல்லாம் கேட்டது. கண்தான் திறக்கவில்லை. பித்தப்பையை எடுக்க வேண்டும் என்று காலையில் முகமூடி வைத்து, பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். ஏழுவரை வந்தது நினைவிருக்கிறது. இப்போது இமைக்குள் மதிய வெயில் சிவந்து கிடந்தது. தலைமாட்டில் மூத்த மகள் ஒதீலியாவும் இளையவள் ஸ்மரண்டாவும் சண்டை. வாய்க்குள் மணலைக் கொட்டியதுபோல் வறட்சி. மருந்து நெடிக்கு அடியில் உருகும் மெழுகின் வாடை வந்தது, அதற்கும் அடியில் அவளுக்குப் பழகிப்போன இன்னொன்று: பிளம் சாராயமும் மட்டமான சிகரெட்டும்.

புருஷன் கவ்ரிலாவைப் புதைத்துப் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் அவள் கட்டிலின் நடுவில் கை கால் பரப்பித் தூங்கினாள். அதற்கு முந்தைய முப்பது வருஷம் விளிம்பில், ஒருக்களித்து, எப்போது கை ஓங்குவானோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு.

செவிலி வந்து கன்னத்தைத் தட்டினாள். "அம்மா, மூச்ச நல்லா இழுங்க. உங்க பேரு?"

"வெ... தூரியா."

"நல்லாத்தான் இருக்காங்க. சண்டைய வெளிய வச்சுக்குங்க."

"மேல மாத்து," என்றாள் வெதூரியா. நாக்கு தடித்திருந்தது. "அவர் பக்கத்துல வேணாம்."

"இதோ ஓடிப்போய் மாத்திட்டு வந்துடறேன்மா," என்று ஸ்மரண்டா கிளம்பினாள்.

கண் மெல்லத் திறந்தது. வலப்பக்கம் வெள்ளைச் சுவர். கட்டில் அதை ஒட்டியே கிடந்தது, ஒரு விரல் நுழையாது. ஆனால் மூச்சுச் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் சன்னமாக ஒரு சீழ்க்கை. ஒரு முறை கவ்ரிலாவின் மூக்கு உடைந்த பிறகு வந்த சீழ்க்கை. மயக்க மருந்து, என்று சொல்லிக்கொண்டாள். மருந்துதான்.

சற்று நேரம் கழித்து ஒதீலியாவின் போன் அடித்தது. அமைதியில் இளையவளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, ரெண்டும் உருகி ஒண்ணா ஒட்டிக்கிச்சு. பிரிய மாட்டேங்குது. இழுத்தா அம்மாவோடதுதான் ஒடியுது."

"இழுக்காத! இரு, பாதிரியார்கிட்ட கேளு..." பேசிக்கொண்டே ஒதீலியா வராந்தாவுக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வெதூரியா கத்த நினைத்தாள். மணல். வெறும் மணல்.

சுவர்ப்பக்கம் மெத்தை அமுங்கியது.

மெதுவாக. ஒரு ஆள் கனத்துக்கு.

போர்வை இழுபட்டது. தையல் போட்ட இடத்தில் ஒரு கை விழுந்தது. கனமான கை. பிசுபிசுப்பாக, வெதுவெதுப்பாக, மெழுகுபோல. தோலோடு ஒட்டியது.

காதோரம் சாராய வாடை.

"தள்ளிப் படு, வெதூரியா."