பைக்கு அளவான அடுப்பு

வெடிக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வீட்டிலும் வெளியிலும் அவள் வெடிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் மட்டும் சும்மா வந்ததில்லை.

அவளுடைய அம்மாவுக்கு ஆற்றுப் பாலத்தில் வேலை. பாலத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையில் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்து வண்டிகளை அனுப்புவாள். குளிர்காலம் வேறு. ஆற்றுக்காற்று எலும்பு வரைக்கும் போகும். ஃபிளாஸ்க்கில் கொண்டுபோகிற டீ பத்து மணிக்கே ஆறிப்போய்விடும்.

முந்தின நாள் சாயங்காலம் அம்மாவால் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் அப்படி விறைத்திருந்தன.

"ஒண்ணும் இல்லடி, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று அம்மா சிரித்தாள்.

வெடிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. அழுவது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கோபப்பட்டாள். குளிர் மேல் கோபம், ஆறு மேல் கோபம், அந்த உதவாக்கரை ஃபிளாஸ்க் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

நல்லவேளையாக, பாலத்து மேற்பார்வையாளர் ஓரமாக ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருக்க, அப்பாவும் வெடியும் அம்மாவின் வேலைப் பையை எடுத்துக்கொண்டு, கூடாரமும் கையடக்க அடுப்பும் விற்கிற கடைக்குக் கிளம்பினார்கள்.

பை எதற்கு என்கிறீர்களா? அளவு பார்க்கத்தான்!

அப்பா ஒரு தையல்காரர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். தர்பூசணி வாங்கப் போனால்கூடக் கழுத்தில் தொங்கும் நாடாவை எடுத்து அதற்கு இடுப்பளவு பார்ப்பார். வெடிக்கு முதல் பல் விழுந்தபோது அதையும் அளந்து எழுதி வைத்தவர் அவர்.

கடைக்காரர் மூன்று அடுப்புகளை எடுத்து வைத்தார். அப்பா நாடாவை உருவினார். முதலில் பையை அளந்தார். அப்புறம் ஒவ்வொரு அடுப்பையும் நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் அளந்தார். ஸ்பிரிட்டில் எரிகிற அடுப்பைப் பார்த்ததுமே, "பையில சாய்ஞ்சா ஒழுகிடும்" என்று தள்ளி வைத்தார். இருப்பதிலேயே சின்னதான மடக்கு அடுப்பைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! பைக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கே!"

"பிரமாதமான தேர்வுண்ணே" என்றார் கடைக்காரர். "உள்ளங்கையில அடங்கிடும். கட்டித் தரவா?"

"கட்டுங்க, கட்டுங்க."

"இருங்க!" என்றாள் வெடி.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரர் காகிதத்தைத் தேடினார். வெடியின் மூக்கு நுனி சிவந்தது.

"இருங்கன்னு சொல்றேன்ல!"

கூடாரம் வாங்க வந்திருந்த ஒருவர் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

வெடி பையைத் திறந்து அம்மாவின் வேலைக் கையுறைகளை எடுத்தாள். தடித்த, முரட்டுக் கையுறைகள். அவற்றை அப்பாவிடம் நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கிட்டு அந்த அடுப்பைத் திருகுங்க."

"எதுக்குடி?"

"அம்மா இதைக் கழட்டினா விரல் விறைச்சுப் போகுது. கழட்டாம பத்த வைக்க முடியுமான்னு பாருங்க."

அப்பா கையுறையைப் போட்டுக்கொண்டார். அடுப்பின் திருகு ஒரு பட்டாணி அளவுதான் இருந்தது. பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார். அடுப்பே கவிழ்ந்து உருண்டது.

"வெறுங்கையில திருகினா சுலபமா வரும் பாப்பா" என்று கடைக்காரர் தானே பற்ற வைத்துக் காட்டினார். நீல நிறத்தில் அழகாக எரிந்தது. "பார்த்தியா, எப்படி எரியுது!"

"வெளிய வெச்சுக் காட்டுங்க."

"கடைக்குள்ளதான் நல்லா எரியுதே?"

"எங்கம்மா உங்க கடைக்குள்ளயா வேலை பார்க்கறாங்க?"

கூடாரக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்து, விடுவிடுவென்று வாசலுக்குக் கொண்டுபோய்ப் படியில் வைத்துப் பற்ற வைத்தார். தெருமுனையிலிருந்து ஒரு காற்று வந்தது. பொசுக்கென்று அணைந்தது. மறுபடி பற்ற வைத்தார். மறுபடியும் பொசுக்.

"இது... இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்று முணுமுணுத்தார்.

"ஆத்துக்கு வந்து பாருங்க!" என்றாள் வெடி.

அப்புறம் அவளே உள்ளே போய் மூன்றாவது அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்வைக்கு லட்சணமே இல்லை. தடியாக, அகலமாக இருந்தது. சுற்றிலும் காற்றை மறைக்கும் தகரத் தடுப்பு. திருகு மட்டும் எலுமிச்சம்பழம் பெரிசு. கையுறையோடு அப்பா திருகினார். உடனே பற்றிக்கொண்டது. காற்று வந்தது, சுற்றிச் சுற்றி வந்தது. தீ கொஞ்சம் தலையாட்டியதே தவிர அணையவில்லை.

அப்பா நாடாவை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு அங்குலம் பெரிசா இருக்கும்மா. பைக்குள்ள போகாது. அந்தச் சின்னதையே..."

அவ்வளவுதான். வெடிக்கு வந்ததே கோபம்!

"பைக்குப் போகலன்னா பெரிய பையா தைங்க! நீங்க தையல்காரர்தானே? ஊர்ல எல்லாருக்கும் ஆளுக்குத் தகுந்த மாதிரி சட்டை தைக்கறீங்க. சட்டைக்குத் தகுந்த மாதிரி ஆளையா வெட்டறீங்க?"

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"இதை முதல்லயே மெதுவா சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கடுப்பாக.

"மெதுவா சொன்னேன். யாரும் கேக்கல."

அப்பா நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தத் தடி அடுப்புக்கே காசு கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அடுப்பை மேசை மேல் வைத்து, மாப்பிள்ளைக்குக் கோட்டு தைப்பதுபோல நாலு பக்கமும் அளவெடுத்தார். கெட்டியான துணியில் புதுப் பை தைத்தார். கேட்காமலே கோப்பைக்கு ஒரு தனி அறையும் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. அடுப்பு எரிகிறதா என்று பார்க்காமல் வெடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவையும் இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் இடைவேளை. ஆற்றில் அன்றைக்கென்று பேய்க்காற்று வீசியது. அம்மா கையுறையோடு திருகினாள். அடுப்பு பற்றியது. வெடி மூச்சைப் பிடித்துக்கொண்டு தீயையே முறைத்தாள். "அணைஞ்சே, தொலைச்சுடுவேன்" என்று அதை மிரட்டவும் செய்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, டீ வாசனை வந்தது, வெடி கோப்பையில் ஊற்றி நீட்டினாள்.

அம்மா இத்தனை நாள் பழக்கத்தில், ஆறிய டீயைக் குடிப்பதுபோல ஒரே வாயில் மடக்கென்று குடித்தாள்.

"ஐயோ! நாக்கு வெந்து போச்சு!" என்று அலறினாள். "யாருடி இப்படிக் கொதிக்கக் கொதிக்கக் குடுக்கறது? அறிவு வேணாம்? ஊதிக் குடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

அம்மா திட்டத் திட்ட, வெடி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றாள்.