ஜன்னலோரக் கட்டில்

சனிக்கிழமை பிற்பகல் மலைக்கு அப்பால் உள்ள மூன்று சபைகளையும் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். மூடுபனி இறங்கியிருந்தது. எங்கள் மிஷன் வீடு நார்வேக்காரப் போதகர்கள் கட்டிய பழைய கல்வீடு. சுவர்கள் தடிமன், ஜன்னல்கள் சிறியவை. பகலிலேயே விளக்கு வேண்டும்.

என் மகள் ஸமா போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது.

"குளிருல ஏன் வெளிய உக்காந்திருக்க?"

"உள்ள அந்த ஆளு இருக்காரு."

"எந்த ஆளு?"

"இருமுற ஆளு."

உள்ளே யாரும் இல்லை. என் மனைவி கெத்திவே பின்கட்டில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் என் நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கிக் குழியாக இருந்தது. கையை வைத்தேன். சூடு.

அறையில் புகையிலை வாசனை. அதன் அடியில் ஈரக் கல்லின் வாசனை. எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

எங்கள் மகன் ஸ்வெலி மூன்று மாதங்களுக்கு முன் மாவட்ட ஆஸ்பத்திரியில் டைபாய்டில் இறந்தான். பதினோரு வயது. அவன் இறந்ததிலிருந்து பேச்சற்றுக் கிடந்த கெத்திவே, அன்று பாட்டு முணுமுணுத்தபடி நான்கு தட்டுகள் வைத்தாள். நான்காவதில் களியும் புளித்த பாலும். துக்கம் மனிதர்களை என்னென்னவோ செய்ய வைக்கும் என்பது போதகனுக்குத் தெரியாததல்ல.

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தத் தட்டில் ஒரு வாய்கூடக் குறையவில்லை.

ஆனால் பால் கிண்ணத்தின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. பெரிய ஆளின் விரல்.

செவ்வாய்க்கிழமை ஸமா இரும ஆரம்பித்தாள். குழந்தையின் இருமல் அல்ல அது. நெஞ்சுக்குள் யாரோ சரளைக்கல்லை வாரிக் கொட்டுவதுபோல இருந்தது. கைக்குட்டையில் துப்பியதைப் பார்த்தேன். பாறைத்தூள்போல நறநறவென்று, சாம்பல் நிறம்.

மருத்துவர் வந்தார். நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்.

"அந்த ஆளு என் பக்கத்துலயே படுத்துக்கிறாரு. இங்க காத்து நல்லா வருதாம்" என்றாள் ஸமா.

அவளுக்கு இப்போது ஸ்வெலியின் கட்டில். குனிந்து கீழே பார்த்தேன். சுவரோரம், பழைய துண்டில் சுற்றி, ஒரு முள்கிளை. இலந்தை இனத்து மரம். எங்கள் ஜனங்கள் இறந்தவரின் ஆவியை, அவர் உயிர்விட்ட இடத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவரப் பயன்படுத்துவது. இதைச் செய்ததற்காக நான் நான்கு குடும்பங்களைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன்.

கிளையைக் கொண்டுபோய் கெத்திவேயின் முன் போட்டேன்.

"யாரு கொண்டுவந்தது?"

"உங்க அண்ணன்தான், சனிக்கிழமை நீங்க இல்லாதப்ப. நான்தான் அவர் கால்ல விழுந்தேன்." அவள் தலைகுனியவில்லை. "என் புள்ள ஆஸ்பத்திரியில அனாதையா கிடக்கணுமா? நீங்க ஊருக்கெல்லாம் போதகரா இருங்க, ஸ்வெலி அப்பா. எனக்கு என் புள்ள வீட்டுக்கு வரணும்."

"எங்கேர்ந்து கூட்டிட்டு வந்தாரு?"

"இது என்ன கேள்வி? அவன் செத்த கட்டில்லேர்ந்துதான். ஜன்னலோரக் கட்டில். மலையைப் பாத்துக்கிட்டே கண்ண மூடினான்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன்.

அது பொய்.

கடைசி நாளில் கெத்திவே, காய்ச்சலில் கிடந்த ஸமாவோடு வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் இடமில்லை. மூச்சுத் திணறும் ஒருவனுக்கு ஜன்னல் காற்று வேண்டும், உங்கள் மகனை வராந்தாவுக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். விட்டுக்கொடுப்பதே கிறிஸ்தவனுக்கு அழகு என்று நான் சம்மதித்தேன். ஸ்வெலி வராந்தாவில், பாயில் படுத்து, வெறும் சுவரைப் பார்த்தபடி செத்தான். அதை அவன் தாயிடம் எப்படிச் சொல்வது?

இப்போது சொன்னேன்.

அவள் அழவில்லை. காற்றுக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்:

"அப்ப நம்ம வீட்டுல இருக்கறது யாரு?"

ஸமாவின் அறையில் ஒரு ஆண் இருமினான்.

ஸமா எங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே அண்ணன் பெக்கானியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் ஞானஸ்நானம் பெறாதவர். வழியெல்லாம் என்னைக் குத்திக்கொண்டே வந்தார்.

"பரலோகத்துக்கு வழி சொல்ற ஆளுக்கு, பெத்த மகன் எந்த இடத்துல செத்தான்னு சொல்ல வாய் வரலயாக்கும்?"

"போதும்ணே."

"என்ன போதும்? வயசான காலத்துல, ஆவியைக் கூட்டிட்டு வந்த பஸ்ஸுல என்னை ஒரு அந்நியன்கூட பக்கத்து பக்கத்து சீட்டுல உக்கார வெச்சுட்டியேடா."

வார்டில் இருந்த சிஸ்டர் செலினா ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவனை மறக்கவில்லை. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். நுரையீரல் முழுக்கக் கல்தூள். ஒரு லாரிக்காரன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பெயர், ஊர் எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் மகன் இறந்த மூன்றாம் நாள் அவனும் போய்விட்டான் என்றார்.

"வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ஒரே கேள்விதான், போதகரே. 'என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?' யாரும் வரல."

அண்ணனின் முகம் வெளுத்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"நான் அந்தக் கட்டில்கிட்ட போனப்ப ஸ்வெலின்னு பேர் சொல்ல எனக்கும் வாய் வரலடா. 'எழுந்திரு மகனே, வீட்டுக்குப் போலாம்'னு மட்டும்தான் சொன்னேன்."

"இப்ப அவனைத் திருப்பி அனுப்ப முடியாதா?"

"பேரு தெரியாது, ஊரு தெரியாது. எங்கடா அனுப்புவ? அவனா வந்து நுழைஞ்சிருந்தா விரட்டலாம். நாம கூப்பிட்டு வந்தவன் அவன்." ஆஸ்பத்திரி வேலியோரம் நின்ற அதே முள்மரத்தில் ஒரு கிளையை வெட்டி என்னிடம் நீட்டினார். "உன் மகன் இன்னும் அந்த வராந்தாவுலதான் கிடக்கான். வீட்டுக்குச் சொந்தக்காரன் வந்தா அந்த ஆளு எழுந்து இடம் விடுவானோ என்னவோ. இல்லேன்னா அந்தச் சின்னப்புள்ளயையும் இருமி இருமியே கொண்டுபோயிடுவான். இந்தத் தடவை நீயே கூப்பிடு."

வராந்தாவின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன். முப்பது வருடம் ஜெபத்துக்கு மட்டுமே மடங்கிய கால்கள். ஸ்வெலி பினெயாஸ் மதலானே என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன்.

அதன்பின் வீடு சேரும்வரை கிளையைச் சுமப்பவன் உயிரோடிருக்கும் எவரிடமும் பேசக் கூடாது. இறந்தவனிடம் மட்டுமே பேசலாம். வழியைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் எனக்கும் ஸ்வெலிக்குமாக அண்ணன் இரண்டு டிக்கெட் வாங்கித்தர, பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு உட்கார்ந்தேன். அண்ணன் பின்னால் உட்கார்ந்தார்.

நடுவழியில் எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி ஏறினாள். "அடடே, போதகரே! ஸ்தோத்திரம்! கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்."

நான் வாய் திறக்கவில்லை. அவள் கண் என் மடியில் இருந்த கிளையில் விழுந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸின் கடைசிவரை போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிரசங்க மேடை இருக்காது என்று புரிந்தது.

"ஸ்வெலி, ஆறு வந்துருச்சு. பாலத்துல போறோம்" என்றேன்.

பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் என் கை குளிர்ந்திருந்தது.

நாங்கள் இறங்கியபோது மணி நான்குகூட ஆகியிருக்காது. மூடுபனி வீட்டைப் பாதி விழுங்கியிருந்தது. அண்ணன் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். கெத்திவே ஸமாவைப் போர்வையோடு அணைத்தபடி முற்றத்தின் நடுவில் நின்றாள். அவர்களுக்குப் பின்னால் வாசல்கதவு விரியத் திறந்திருந்தது.

ஸமா இருமினாள். அவளால் நிற்க முடியவில்லை.

இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. வீடு வந்துருச்சு மகனே, உள்ள வா. அவ்வளவுதான். படியருகே போய் வாயைத் திறந்தேன்.

கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

காற்று இல்லை. புல்கூட அசையவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கெத்திவே பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்: "நாங்க ரெண்டு பேரும் இங்கதானே இருக்கோம்."

என்னால் அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. தாழிட்ட வீட்டுக்குள் மகனை எப்படி அழைப்பது? கிளையைப் பிடித்தபடி திரும்பினேன். ஸமா என் எதிரே, தாயின் இரு கைகளுக்குள் சாய்ந்து, என் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயந்துபோன ஒரு சிறுவனின் கை, என் கோட்டின் ஓரத்தை இறுகப் பற்றியது.