துணி கட்டிய சேவல்

பழைய ரோமானிய ஊரான கப்புவாவில் ஃபாடில்லா வீட்டு வெண்கலச் சேவல் மாடத்தில் தெருவைப் பார்த்துத்தான் நிற்கும். அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. வீட்டில் யாராவது செத்தால் மட்டும் பிணத்தின் பக்கம் திருப்பி வைப்பார்கள். மெர்க்குரி தெய்வத்தின் பறவை, போகிறவருக்கு வழிகாட்ட வேண்டுமே. அன்று நடுப்பகலில் காய்ச்சல் தூக்கம் கலைந்து பார்த்தால், அது அவளைப் பார்த்து நின்றது.

"நீங்களா திருப்பினீங்க?"

"ஏண்டி, நான் உன்னைப் பார்க்கிறது போதாதா?" என்று சிரித்தான் புருஷன் நேவியஸ். தேன் கலந்த ஒயினைத் தானே கொண்டுவந்து புகட்டினான். பதினோரு வருஷத்தில் அவன் கையால் அவள் குடித்தது அந்த வாரம்தான்.

சேவலைத் தெருப்பக்கம் திருப்பினாள். மறுநாளும் அவளையே பார்த்தது. முற்றத்துத் தொட்டியில் நீர் சொட்டும் ஓசைக்கும் அடுப்படியிலிருந்து வந்த பூண்டு வாசனைக்கும் நடுவே, மாடத்தில் நகத்தால் கல்லைச் சுரண்டுவதுபோல் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. வீடு அவள் பேரில். புருஷன்மேல் சந்தேகம் விழுந்தது. யார் கை என்று பிடிக்க மாடத்தில் சாம்பலைத் தூவி வைத்தாள்.

காலையில் சாம்பலில் கைத்தடம் இல்லை. மூன்று விரல் கால்தடம், வட்டமாக. வெண்கலம் நடக்காது என்பதில் கப்புவாப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி. சேவல் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஃபாடில்லா அழுதுவிட்டாள். பாவம், அந்த மனுஷனைப் போய்! கம்பளித் துணியைக் கிழித்துச் சேவலின் தலையை அலகோடு இறுகக் கட்டினாள்.

"என் சாவுக்கா காத்திருக்க, சனியனே?"

அவன் நீட்டிய கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வாசலில் யாரோ குழல் ஊதிப் பார்த்தார்கள். சாவுக் குழல்.

"யார் வீட்டுலங்க?"

"நம்ம வீட்டுலதான்." தலையணையைச் சரிசெய்தான். "கொஞ்சம் முன்னாடியே வந்துட்டானுங்க."

அவளுக்கு நாக்கு எழவில்லை. விரல் அசையவில்லை.

செத்தவரைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வந்தால் வீடு. வராவிட்டால் சிதை. அக்கம்பக்கமே கூடிவிட்டது.

"ஃபாடில்லா!" நேவியஸ்தான் கூப்பிட்டான். என்ன அழுகை! கல்லும் கரையும்.

அவள் இமையை மூடினான். முழுக்க மூடவில்லை. ஒரு கீற்று.

"ஃபாடில்லா!"

நாக்கின்மேல் காசு, செத்தவரை ஆறு கடத்தும் படகுக்காரனுக்குக் கூலி. செம்பு ருசி.

கீற்றுக்குள் மாடம். சேவல். கழுத்து விடைத்தது. இறக்கை அடித்தது. கூவுவதற்குத் துணிக்குள் அலகைத் திறக்கப் பார்த்தது. முடியவில்லை. மறுபடியும். அவள் போட்ட முடிச்சு. நல்ல முடிச்சு.

"ஃபாடில்லா!"