மஞ்சள் வாத்தைத் தேடிப் போனவர்

சுண்டு பாலோ தண்ணீரோ குடிப்பது ஒரே ஒரு கோப்பையில்தான். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கோப்பை. மூடியின் மேல் ஒரு வாத்து உட்கார்ந்திருக்கும். அதன் அலகில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். வேறு எதில் கொடுத்தாலும், வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல உதட்டை இறுக்கிக்கொள்வான்.

அந்தக் கோப்பையைத்தான் பட்டாணி உருக்கிவிட்டாள்.

பட்டாணி, சுண்டுவின் அக்கா. ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைப்பவர். தையல் மேசையில் இஸ்திரிப் பெட்டி எந்நேரமும் சூடாகவே இருக்கும். அன்று அம்மா குளிக்கப் போயிருந்தார். தலை ரிப்பனைத் தேய்த்துக்கொள்ளலாம் என்று பட்டாணி பெட்டியைக் கையில் எடுத்தாள். தேய்த்து முடித்து, எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமலே வைத்தாள்.

கருகிய வாடை வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தாள். வாத்துக்கு அலகு இல்லை. தலையும் பாதிதான் இருந்தது.

சுண்டு ஓடி வந்து கோப்பையைப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தாள். அவன் அழவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்றிலிருந்து அவன் சரியாகக் குடிக்கவே இல்லை. அம்மா மடியில் போட்டு, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் புகட்டினார். பாதி வெளியே வழிந்தது. உதடு காய்ந்து வெடித்துவிட்டது. "எப்படியாவது குடிக்க வையுங்க. இல்லன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி வழியாத்தான் ஏத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கோப்பையை வாங்கி வந்தவர் மாமா. கப்பலில் வேலை செய்பவர். எங்கேயோ தொலைதூர நாட்டுத் துறைமுகத்தில் வாங்கியது. இப்போது அவர் நடுக்கடலில் இருந்தார். உள்ளூர்க் கடைகளில் எல்லாம் அப்பா கேட்டுப் பார்த்துவிட்டார். வாத்துப் படம் போட்ட கோப்பை கிடைத்தது. வாத்தே உட்கார்ந்திருக்கும் கோப்பை கிடைக்கவில்லை.

அப்பா பேருந்து ஓட்டுநர். அவருடைய வண்டியின் கண்டக்டர்தான் ஒரு வழி சொன்னார்.

"அந்த நாட்டுலயே இருக்கறவங்க நமக்காகக் கடைக்குப் போய் வாங்கி, பார்சல் போட்டு விடறாங்க அண்ணே. அதுக்குன்னே ஒரு ஆப் இருக்கு. என் தங்கச்சி வயலின் கம்பியெல்லாம் அப்படித்தான் வாங்குறா."

அன்று சாயங்காலமே அப்பா அந்த ஆப்பைத் திறந்தார். பட்டாணி தோளில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உதவுபவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. மூக்கு நீண்ட ஒருவர் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். படத்துக்குக் கீழே நிறைய நட்சத்திரங்கள்.

"இவர் நல்லவர் மாதிரி இருக்காரு" என்றாள் பட்டாணி.

"தொப்பியப் பார்த்தே சொல்லிட்டியா?" என்றார் அப்பா. ஆனால் அவரையேதான் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய பெயரை வீட்டில் யாராலும் உச்சரிக்க முடியவில்லை. அதனால் அவர் 'சிவப்புத் தொப்பி' ஆனார். அவர் தன் மொழியில் எழுதுவதை ஆப் தமிழாக்கித் தரும். முதல் செய்தி இப்படி வந்தது:

'வணக்கம் மதிப்பிற்குரிய குடும்பமே. நாளை காலை நான் உங்கள் வாத்தை வேட்டையாடப் புறப்படுகிறேன்.'

அப்பா சத்தமாகப் படித்ததும் சுண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "வாத்தச் சுடப் போறாரா?"

"இல்லடா. தேடப் போறாரு. மெஷின் தப்பா மாத்திருச்சு" என்றாள் பட்டாணி.

"மெஷின்கிட்ட சொல்லு, வாத்து பாவம்னு."

சிவப்புத் தொப்பி கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலிருந்தும் படம் அனுப்பினார். பச்சைத் தவளை. நீல யானை. வாத்து இருந்த ஒரு கோப்பை வெள்ளையாக இருந்தது. எல்லாவற்றையும் பட்டாணி தம்பியிடம் காட்டினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

பிறகு ஒரு செய்தி வந்தது. 'அந்தக் கோப்பை செய்வதை நிறுத்திவிட்டார்கள். மலைப் பக்கம் ஒரு சிற்றூரில் பழைய கடை ஒன்று இருக்கிறதாம். ரயிலில் போய்ப் பார்க்கிறேன். சிறியவரிடம் சொல்லுங்கள்.'

பட்டாணி சிறியவரிடம் சொன்னாள். சிறியவர் அன்று மட்டும் இரண்டு கரண்டி அதிகமாகக் குடித்தார்.

அதற்குப் பிறகு சிவப்புத் தொப்பியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்பா அனுப்பிய கேள்விகள் பார்க்கப்படாமலே கிடந்தன. பள்ளியிலிருந்து வந்ததும் பட்டாணி செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் போனைத்தான் தேடுவாள். வாரம் ஒன்று கழிந்துவிட்டது.

"ஏமாத்திட்டாரோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டது பட்டாணியின் காதில் விழுந்தது.

"தெரியல. நம்ம தலையெழுத்து. இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார் அப்பா.

மறுநாள் காலை சுண்டு எழுந்திருக்கும்போதே துவண்டிருந்தான். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். அவன் கை அம்மாவின் முதுகில் துணிபோலத் தொங்கியது. பட்டாணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தன்னால்தான் என்று தெரியும். அந்த நினைப்பைத் தாங்க முடியாதபோது, வேறு யார் மேலாவது அதை இறக்கி வைக்கத் தோன்றியது.

அப்பா முகம் கழுவப் போயிருந்தார். போன் மேசை மேல் இருந்தது.

சிவப்புத் தொப்பியின் பக்கத்தைத் திறந்தாள். 'புகார்' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாள். கீழே எழுதினாள்: 'இவர் பொய்யர். வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறார். யாரும் நம்பாதீர்கள்.'

அனுப்பிவிட்டுப் போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். மனசு கொஞ்சம் லேசானது போலிருந்தது. பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

இரண்டு மூன்று நாட்கள் கழித்து, பட்டாணி பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதன் மேல் புரியாத எழுத்துகள்.

கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தார்கள். உள்ளே கம்பளித் துணி சுற்றி, அதற்குள் மஞ்சள் கோப்பை. மூடி மேல் வாத்து. அலகு, தலை, எல்லாம் இருந்தது. புதுக் கோப்பை இல்லை. ஓரத்தில் கீறல்கள் இருந்தன. வாத்தின் கண்ணைச் சுற்றி யாரோ இளஞ்சிவப்பு நகப்பூச்சு தீட்டியிருந்தார்கள்.

சுண்டு அதை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"வாத்து கண்ணுக்கு மை போட்டிருக்கு" என்றான்.

"நல்லாத்தான இருக்கு?" என்றார் அம்மா.

சுண்டு யோசித்தான். பிறகு, "பால்" என்றான்.

அம்மா அடுப்படிக்கு ஓடினார். ஒரு கோப்பை குடித்தான். இன்னொன்று கேட்டான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பட்டாணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தான் போட்ட ஒற்றை நட்சத்திரம் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்தபோது, அவர் போனில் வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்தன. ஆப் வழியாக வரவில்லை. பார்சல் அனுப்பக் கொடுத்திருந்த எண்ணுக்கே, மெஷினில் போட்டு மாற்றிய தமிழில் சிவப்புத் தொப்பி எழுதியிருந்தார். அப்பா சத்தமாகப் படித்தார்.

'மதிப்பிற்குரிய குடும்பமே, மலையில் பெரிய மழை. என் தொலைபேசி நிறையத் தண்ணீர் குடித்து மயக்கம் அடைந்தது. இன்றுதான் கண் விழித்தது. மன்னியுங்கள்.'

"போன் கெட்டுப்போச்சாம்" என்றார் அப்பா.

அடுத்து, அந்தச் சிற்றூர்க்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்த படங்கள். கதவு பூட்டிய ஒரு பழைய கடை. அதன் பக்கத்தில் ஒரு மழலையர் பள்ளி. நனைந்த தொப்பியோடு குட்டி நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் குழந்தைகள்.

'கடை மூடிவிட்டது. பள்ளியில் போய்க் கேட்டேன். ஒரு சிறுமி தன் வீட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வளர்ந்துவிட்டாளாம். கண்ணுக்குச் சாயம் பூசியது அவளே. தொலைபேசி இல்லாததால் உங்களிடம் சொல்ல முடியவில்லை. முதலில் பார்சலை அனுப்பினேன். சிறியவர் தாகமாக இருப்பாரே.'

"எவ்வளவு நல்ல மனுஷன்" என்றார் அம்மா.

கடைசிச் செய்தியைப் படிக்கும்போது அப்பாவின் குரல் இறங்கியது.

'ஒரு வருத்தமான செய்தி. நான் பொய்யன் என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். நிறுவனம் என் பக்கத்தை மூடிவிட்டது. எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. நாளை முதல் சந்தையில் பெட்டி இறக்கும் வேலைக்குப் போகிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் கோப்பை கட்டாயம் வந்துவிடும்.'

"யாருன்னு தெரியலையே. இப்படிப்பட்டவர் மேல பழி போட எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றார் அம்மா.

பட்டாணி சுவரையே பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சிவப்புத் தொப்பிக்கும் தெரியாது. அதுதான் அவளை இன்னும் அழுத்தியது. வேலை போன மனிதர், இவர்கள் குடும்பத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்.

"அப்பா."

"என்னம்மா?"

"அத எழுதினது நான்தான்."

அப்பா போனைக் கீழே வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பட்டாணிக்குத் தோன்றியது. அம்மாதான் கேட்டார்.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"சுண்டு குடிக்கவே மாட்டேங்கறான். கோப்பைய உருக்கினது நான். அவர் மேல தப்புன்னா என் மேல கொஞ்சம் குறையும்னு..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

அழுது முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு, "இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

பட்டாணி மூக்கை உறிஞ்சினாள். "கம்பெனிக்கு நானே சொல்றேன். அவங்க என்னைத்தான் திட்டணும். உங்கள இல்ல."

மறுநாள் அப்பா அந்த நிறுவனத்துக்கு போன் போட்டுக் கொடுத்தார். அங்கே தமிழ் பேசும் ஒரு பெண் எடுத்தார்.

"புகார் எழுதினது நான்தாங்க. என் அப்பா இல்ல. அவர் ஏமாத்தல. கோப்பை வந்துடுச்சு. என் தம்பி மூணு வேளையும் பால் குடிக்கிறான். வேணும்னா வீடியோ அனுப்பட்டுமா?"

"உனக்கு என்ன வயசும்மா?"

"பத்து. ஆனா எழுதும்போது பெரியவங்க மாதிரி எழுதிட்டேன்."

"வீடியோ அனுப்பு. விசாரிக்கறோம். ஆனா எழுதினத அழிக்க முடியாது. அதுக்குக் கீழ விளக்கம் மட்டும்தான் சேர்க்கலாம்" என்றார் அந்தப் பெண்.

சுண்டு பால் குடிப்பதை பட்டாணி வீடியோ எடுத்தாள். குடித்து முடித்ததும் அவன் கேமராவுக்கு நேராக ஏப்பம் விட்டான். அதையும் வெட்டாமலே அனுப்பினாள்.

விளக்கம் எழுதத்தான் வெகுநேரம் ஆனது. எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் இதை எழுதினாள்: 'மேலே எழுதியது உண்மை இல்லை. அவருடைய போன் மழையில் நனைந்துவிட்டது. நான் பொறுத்திருக்கவில்லை. என் தம்பிக்காக அவர் மலைவரைக்கும் போனார்.'

சில நாட்களில் சிவப்புத் தொப்பியின் பக்கம் மறுபடியும் திறந்தது. அவருடைய நிறைய நட்சத்திரங்களுக்கு நடுவே அந்த ஒற்றை நட்சத்திரமும் அப்படியே இருந்தது. பட்டாணி அதைத் தினமும் போய்ப் பார்த்தாள். அது போகவில்லை.

"அவருக்கு இன்னும் தெரியாதுல்லப்பா, நான்தான்னு?"

"கீழ எழுதினதப் படிச்சா தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி நீயா சொல்றது நல்லது."

"மெஷின் தப்பா மாத்திட்டா?"

அப்பா தாடையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான்."

பட்டாணி ஒரு முடிவுக்கு வந்தாள். அவருடைய மொழியில் மன்னிப்பு கேட்கும் சொல்லைப் போனில் போட்டுக் கேட்டாள். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்குப் போகிற வழியில் சொல்லிப் பார்த்தாள். சுண்டுவும் கூடச் சேர்ந்து சொன்னான். அவனுக்கு அது பாட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோ அழைப்பு போட்டுக் கொடுத்தார். திரையில் சிவப்புத் தொப்பி வந்தார். படத்தில் பார்த்ததைவிட வயதானவராகத் தெரிந்தார். கைவிரலில் கட்டுப் போட்டிருந்தார். பெட்டி இறக்கும்போது நசுங்கியதாம்.

மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்தி, நடந்ததையெல்லாம் பட்டாணி சொன்னாள். இஸ்திரிப் பெட்டியில் ஆரம்பித்து ஒற்றை நட்சத்திரம்வரை. எதையும் விடவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

'எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது' என்றது மெஷின். 'வழக்கமாக என்னிடம் வாங்கும் சிலர் வேறு ஆட்களிடம் போய்விட்டார்கள். சிலர் திரும்பி வருவார்கள். சிலர் வர மாட்டார்கள்.'

பட்டாணி பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். தான் கற்று வைத்திருந்த சொல்லை, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். பட்டாணி இன்னொரு முறை சொன்னாள். அவருடைய நீண்ட மூக்கு துடித்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பட்டாணி பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

'நீ வெங்காயம் என்று சொல்கிறாய்' என்றது மெஷின்.

அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். சுண்டு கோப்பையோடு ஓடி வந்து, "வெங்காயம், வெங்காயம்" என்று அவருடைய மொழியிலேயே பாடினான். பட்டாணிக்குக் காது சிவந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எப்படிச் சொல்லணும்? சொல்லிக் குடுங்க" என்றாள்.

அவர் உதட்டைக் குவித்து மெதுவாகச் சொல்லிக் காட்டினார். அவள் சொன்னாள். கட்டுப் போட்ட விரலை ஆட்டி, இல்லை என்றார். மறுபடி சொன்னாள். இன்னும் இல்லை. அடுத்த முறை, ஒவ்வொரு எழுத்தாக, பத்திரமாகச் சொன்னாள்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்து, மெதுவாகத் தலையசைத்தார்.